பட்டி மாஸ்டர் மன்னிப்பு வாங்கிய கதை

பட்டி மாஸ்டர் அழுவதில் கெட்டிக்காரர். சபையில் அவரை மிஞ்ச ஆளில்லை. போதகர் மேடையில் நின்று பாவம் என்ற வார்த்தையை எடுத்தாலே போதும், மூன்றாவது வரிசையில் இவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் பெண்சாதி கைக்குட்டையை ஒன்றுக்கு இரண்டாகத் தேய்த்துக் கொடுத்தனுப்புவாள். பக்கத்தில் இருப்பவர்கள், நமக்கு ஏன் ஒரு சொட்டுகூட வரமாட்டேன் என்கிறது என்று உள்ளுக்குள் வெட்கப்படுவார்கள். அழுது முடித்து எழுந்தால் மனுஷன் முகம் பளிச்சென்று இருக்கும். வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்குவார். திங்கட்கிழமை காலையில் ஷெட்டைத் திறப்பார். வம்பே அங்கேதான்.

அடிபட்ட வண்டி, துருப்பிடித்த வண்டி எல்லாவற்றையும் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தில் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். பட்டி என்பது பிசைந்த மாவுப் பதத்தில் இருக்கும் ஒரு பூச்சு. காய்ந்தால் இறுகிவிடும், தேய்த்தால் வழவழவென்று ஆகிவிடும். பள்ளத்தை நிரப்ப அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் பாரம் தாங்காது. துரு தின்ற இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். தொழில் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். இவருக்கும் தெரியும். தெரிந்தும் துருமேலேயே பட்டியைப் பூசி மறைத்ததால்தான் இந்தக் கதையைச் சொல்லும்போதே எனக்கு எரிகிறது.

பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தத்தோடு வருவார்கள். நல்ல தகட்டில் காந்தம் ஒட்டும். வெறும் பட்டி என்றால் வழுக்கிக் கீழே விழுந்துவிடும். நம் ஆள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். காலி எண்ணெய் டின்னைப் பிரித்து, அந்த மெல்லிய தகரத்தை ஓட்டைமேல் ஒட்டி, அதற்கு மேல் வெங்காயத்தோல் கனத்துக்குப் பட்டியை இழுத்துவிடுவார். காந்தம் கப்பென்று பிடித்துக்கொள்ளும். வாங்க வந்தவன் தலையாட்டிக்கொண்டு போவான். எந்த வண்டியில் எந்த இடம் பொய் என்பது இவர் ஒருவருக்குத்தான் தெரியும். தகரத்தை எடுப்பதற்கு முன்னால் கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த ஒரு தடவை மன்னிச்சிடும்" என்பார். கேட்டுக்கொண்டே தகரத்தை வெட்டுவார். செய்யப்போகிற தப்புக்கு முன்கூட்டியே மன்னிப்பு வாங்கி வைத்துக்கொள்கிற சாமர்த்தியம் எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்கள்!

அவருக்கு ஒரே தங்கை. தையல் கம்பெனியில் காலர் தைப்பவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள், அடுக்களைக்குப் பக்கத்து அறையில் இருந்தாள். யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன் என்று ஒரு பிடிவாதம். வாயும் கொஞ்சம் நீளம்தான். கம்பெனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு வேன் வரும். அந்த வேனுடைய முதலாளிக்கு இரண்டு வேன். ஒன்று கம்பெனிக்கு, இன்னொன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. ஒரே மழைக்காலத்தில் இரண்டையும் மாஸ்டரிடம் கொண்டுவந்து விட்டிருந்தார். இரண்டிலும் அடித்தளம் துருவில் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. "ரொம்ப இழுத்து வைக்காதீங்க மாஸ்டர், பார்வைக்கு நல்லா இருந்தாப் போதும்," என்றார் முதலாளி. எதுவும் தெரியாதவர்போலச் சொன்னார். எல்லாம் தெரியும். மாஸ்டர் மன்னிப்புக் கேட்டார், தகரத்தை வெட்டினார், பட்டியைப் பூசினார், மேலே ரப்பர் விரிப்பைப் போட்டு மூடினார்.

தங்கை தினமும் அந்த வேனில்தான் போனாள். இவரும் தினமும் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டே அவளை அனுப்பிவைத்தார். தெரியாமலா? நம் கைவேலை, தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒருநாள் வேன் குலுங்கியபோது ஒரு பெண் பயந்து கத்த, இவள்தான் அவளைச் சமாதானப்படுத்தினாளாம்: "எங்கண்ணன் வேலை பாத்த வண்டிடி இது. பேசாம உக்காரு."

அதே வாரத்தில் ஒரு காலை நேரம். உட்கார இடமில்லாமல் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. காலடியில் விரிப்பு தொய்ந்தது, தகரம் கிழிந்தது, வலதுகால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. கீழே சாலை ஓடிக்கொண்டிருந்தது. டிரைவருக்குச் சத்தம் கேட்டு வண்டி நிற்பதற்குள் கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. தையல் மெஷினின் பெடலை மிதிக்கிற கால் அது.

வண்டி பழசு, என்ன செய்வது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மாஸ்டர் ஒருவருக்குத்தான் எந்தத் தகரம் கிழிந்தது என்று தெரியும். சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தங்கையின் கட்டிலுக்கு முன்னால் முட்டி போட்டார். எல்லாவற்றையும் சொன்னார். தகரம், பட்டி, விரிப்பு, ஒன்று விடவில்லை. "என்னை மன்னிச்சிடு பாப்பா, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு," என்று கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். பக்கத்துக் கட்டில் நோயாளிக்குக்கூடக் கண் கலங்கியது. அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கடைசியில், "சரி, மன்னிச்சிட்டேன். எந்திரி," என்றாள். அன்று அவர் வீட்டுக்குப் போய் வாரக்கணக்கில் தூங்காத தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கினார்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். தன் பாவத்தைச் சபை நடுவில் கொட்டினார். போதகர் மேடையை விட்டு இறங்கிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆளாளுக்குக் கைதட்டினார்கள், ஸ்தோத்திரம் சொன்னார்கள். வேன் முதலாளியும் அதே சபைதான். அவர் வந்து முதுகில் தட்டி, "போனது போகட்டும் மாஸ்டர், ஆண்டவரே மன்னிச்சப்புறம் நாம யாரு?" என்றார். பழி தன் தலைக்கு வராமல் இன்னொருவன் தலையோடு போனால் யாருக்குத்தான் பெரிய மனசு வராது! காவல் நிலையம், வழக்கு என்று எதுவும் ஆகாமல் சபைப் பெரியவர்களே பேசி முடித்தார்கள். அதற்கப்புறம் மாஸ்டருக்கு மவுசு கூடிவிட்டது. வேறு சபைகளிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். தங்கையையும் ஊன்றுகோலோடு முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு அந்தக் கதையைச் சொல்வார். எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்பது அவருக்கே பழகிப்போயிற்று. அடிபட்டவள் கட்டிலில் கிடந்தபடி மன்னித்த இடம் வரும்போது சனம் திரும்பி அவளைப் பார்க்கும். அவள் மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வேலை போயிற்று. வீட்டிலிருந்தே பொத்தான் தைத்துக் கொடுத்தாள். அப்படித் தைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பல்லில் நூலைக் கடித்தபடியே கேட்டாள்.

"அண்ணே, அந்த இன்னொரு வேன் என்ன ஆச்சு?"

"எந்த வேன்?"

"பள்ளிக்கூட வேன். ரெண்டும் ஒண்ணாத்தானே உங்கிட்ட வந்துச்சு?"

மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். பிறகு, "அதெல்லாம் எதுக்கு இப்ப? நான் எல்லாத்தையும் ஆண்டவர்கிட்ட ஒப்புக்குடுத்தாச்சு. அவர் அழிச்சிட்டார்," என்றார்.

"உன் பாவத்தை அழிச்சிருப்பார். ஓட்டையை அடைச்சாரா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். அடுக்களையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்து, "வீட்டுக்குள்ள நிம்மதியா இருக்க விடமாட்டியா? அவரே நொந்து போயிருக்காரு," என்றாள்.

"அவர் நொந்து போனா அந்த வண்டி கெட்டியாயிடுமா அண்ணி?"

அண்ணி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். மாஸ்டர் அன்று வாக்குக் கொடுத்தார். நாளைக்கே போய் முதலாளியைப் பார்ப்பதாகவும், வண்டியை வாங்கிவந்து அடித்தளத்தை வெட்டிப் புதுத்தகடு போடுவதாகவும் சொன்னார். நாளை வந்தது. முதலாளி ஊரில் இல்லை என்றார். அப்புறம் வெல்டிங் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்றார். அப்புறம் பள்ளிக்கூடம் லீவு விடட்டும் என்றார், லீவு விட்டதும் மழை என்றார். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு வண்டியைப் பிரித்தால் ஊரிலுள்ள வண்டிக்காரனெல்லாம் "அப்ப என் வண்டி?" என்று கேட்பான். ஷெட்டை மூடவேண்டியதுதான். ஒரு முடிந்துபோன பாவத்துக்கு அழுவது சுலபம், சோறு போடுகிற பாவத்தை விடுவது அத்தனை சுலபமா?

அவள் விடவில்லை. தினம் சாயங்காலம் அதே கேள்வி. ஒருநாள் மாஸ்டருக்குப் பொறுமை போயிற்று.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னியே, அதுக்கு என்ன அர்த்தம்? குத்திக் காட்டிக்கிட்டே இருக்கிறதா?"

"நான் கேக்கறது என் காலுக்கு இல்லண்ணே. அது போனது போச்சு. ஆண்டவர் உன்னை மன்னிக்கறதுக்கு மட்டும்தான் வந்தாரா? உன்னை மாத்தறதுக்கு வரலையா? பழைய ஆளாவே இருக்கறதுக்கு எதுக்கு உனக்கு ரட்சிப்பு?"

"நீ எனக்குப் பிரசங்கம் பண்ணாதே."

"சரி, பண்ணலை. ஆஸ்பத்திரியில சொன்னேனே ஒரு வார்த்தை, அதைத் திருப்பி வாங்கிக்கிறேன். அதை வெச்சுக்கிட்டு நீ நல்லாத் தூங்கறே."

அன்றிலிருந்து பேச்சு வார்த்தை அற்றுப்போனது. வீட்டுக்குள் ஊன்றுகோல் டொக்கு டொக்கென்று போய்வரும் சத்தம் மட்டும்தான்.

அப்படி இருக்கும்போதுதான் சபையில் அந்த விசேஷக் கூட்டம் வந்தது. வெளியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். மாஸ்டரின் சாட்சிதான் முக்கியம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை முன்னால் பாய் விரித்து உட்காரவைத்திருந்தார்கள். மாஸ்டர் வழக்கம்போலச் சொன்னார், குரல் உடையவேண்டிய இடத்தில் உடைந்தது, சனம் மூக்கை உறிஞ்சியது. போதகருக்கு அன்று என்ன தோன்றியதோ, "மன்னித்த சகோதரியே வந்து ரெண்டு வார்த்தை சொல்லட்டும்," என்று கூப்பிட்டுவிட்டார். மாஸ்டர் வேண்டாம் என்று கண் காட்டினார். போதகர் கவனிக்கவில்லை.

அவள் ஊன்றுகோலை ஊன்றி மேடைக்கு வந்தாள். மைக்கைப் பிடித்தாள்.

"இந்தப் பிள்ளைங்கல்லாம் எதுல வந்தீங்க?"

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. "வேன்ல!" என்று கோரஸாகக் கத்தின.

ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட வேனைச் சபைக்குச் சும்மா கொடுத்து உதவுவது முதலாளியின் தர்மம். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"என் காலை எடுத்த வண்டியும் அதுவும் ஜோடி. ரெண்டையும் எங்கண்ணன்தான் பாத்தாரு. ஒண்ணைப் பத்தித்தான் சாட்சி சொல்றாரு. இன்னொண்ணு வாசல்ல நிக்குது. அதைப் பத்தி யாருமே கேக்கலையே, ஏன்?"

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். போதகருக்கு வேர்த்துவிட்டது. நல்ல மனுஷர்தான், ஆனால் சங்கடம் வந்தால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "நாம எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்," என்று ஆரம்பித்துவிட்டார்.

சபை கண்ணை மூடியது. மாஸ்டரும் மூடினார். இத்தனை வருஷமும் கண்ணை மூடினால் உடனே நெஞ்சு இளகும், கண்ணீர் வரும், பாரம் இறங்கும். அன்றைக்கு மூடிய கண்ணுக்குள் வேன்தான் வந்தது. இடதுபக்கம், கதவுக்கு அடுத்த சீட்டுக்குக் கீழே, விரிப்புக்கு அடியில் முழங்கை நீளத்துக்குத் தகரம். அதைத் தேய்த்த உப்புத்தாளின் சொரசொரப்பு விரலில் வந்தது. மன்னியும் என்று வாயெடுத்தார், வாய் வரவில்லை. கண்ணைத் திறந்தார். கூடம் முழுக்கக் கண்ணை மூடியிருக்க, மேடையில் தங்கை மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்னால் சில பிள்ளைகள் விரலிடுக்கு வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

மாஸ்டர் மேடையை விட்டு இறங்கி, பக்கவாசல் வழியாக வெளியே போனார். வேன் கதவு பூட்டவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கிக் கம்பியை உருவினார். விரிப்பைப் புரட்டிப்போட்டார். தான் பூசிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அருமையான வேலை, ஒரு மேடு பள்ளம் இல்லை. ஓங்கி ஒரு குத்து விட்டார்.

முதல் குத்திலேயே கம்பி தகரத்தைக் கிழித்துக்கொண்டு கீழே தரையில் போய் இடித்தது.

சத்தம் கேட்டு ஆமென் சொல்லாமலே எல்லோரும் ஓடிவந்தார்கள். அவர் குனிந்தபடி குத்திக்கொண்டே இருந்தார். பட்டி பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து தெறித்தது, துரு பொடிப்பொடியாகக் கொட்டியது, ஓட்டை ஒரு ஆள் இறங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யோவ்! என் வண்டியை என்னய்யா பண்றே?"

"இது வண்டி இல்ல முதலாளி. உள்ள ஒண்ணுமே இல்ல. பாருங்க," என்றார் மாஸ்டர்.

முதலாளி பார்க்கவில்லை. பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தார். ஆண்டவரே மன்னித்தபிறகு நாம் யார் என்று முதுகில் தட்டிய அதே கை. போதகர் நடுவில் புகுந்து, "மாஸ்டர், அதான் எல்லாம் மன்னிச்சாச்சே, அப்புறம் எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்? வெளியாட்கள் வந்திருக்காங்க, சபைக்குக் கெட்ட பேரு," என்று காதோரம் கெஞ்சினார்.

ஒரு தாய் தன் மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. அந்தக் குழந்தை உட்கார்ந்து வந்த சீட்டு அது. அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"இது தெரிஞ்சேவா இத்தனை நாள் இருந்தீங்க? ஷெட்டைத் தாண்டறப்பல்லாம் தெரிஞ்சேதான் எம்பிள்ளைக்கு டாட்டா காட்டினீங்களா?"

"தெரிஞ்சேதாம்மா இருந்தேன்," என்றார்.

ஊரைக் கூட்டி அழுகிற மனுஷன் அன்றைக்கு அழவில்லை. அவள் காறித் துப்பிவிட்டுப் போனாள். அவள் செய்ததில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அழுதவரைக்கும் கட்டிப்பிடித்த சபை, வண்டியை உடைத்ததும் கையை உதறிக்கொண்டது. நிலைமை சரியாகும்வரை சபையில் அப்பம் பகிரும் திருவிருந்துக்கு வரவேண்டாம் என்று சபைப் பெரியவர்கள் பக்குவமாகச் சொல்லியனுப்பினார்கள். எந்தச் சபையும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. "அப்ப என் வண்டி?" என்று கேட்டு ஷெட் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர் பயந்தது அப்படியே நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் எந்தெந்த இடம் பொய் என்று தொட்டுக் காட்டினார், கூலி வாங்காமல் வெட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார். வராதவர்களைத் தேடிப்போய்ச் சொன்னார். சிலர் திட்டினார்கள், சிலர் அடிக்க வந்தார்கள். விற்றுமுடித்த வண்டியைப் பற்றி எதற்கு இப்போது பேசுகிறாய் என்று ஒருவர் வாசல் கதவைச் சாத்தினார். புது வேலை என்று ஒரு ஈ காக்கை உள்ளே வரவில்லை. பெண்சாதி ஏங்க என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். கேட்டால், "சும்மா இருந்திருந்தா எல்லாம் நல்லபடியாப் போயிருக்கும்," என்பாள். யாருக்கு நல்லபடியாக என்று அவர் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு. தங்கை வாசல்படியில் வெளிச்சத்துக்கு உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல் சாய்த்து வைத்திருந்தது. அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"பாப்பா."

அவள் ஊசியைக் குத்தி இழுத்தாள்.

"எல்லாம் போச்சு பாப்பா. ஷெட்டு போச்சு, சபை போச்சு, உங்க அண்ணி பேசறதில்லை. அன்னைக்குத் திருப்பி வாங்கிக்கிட்டியே, இப்பவாவது அதைக் குடுப்பியா?"

அவள் நூலைக் கடித்து அறுத்தாள். பொத்தானை இழுத்துப் பார்த்தாள், நன்றாகப் பிடித்திருந்தது. அடுத்த சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த வண்டி எங்க நிக்குது?"

மாஸ்டரின் கண் ஓரத்தில் பழைய வழக்கம் எட்டிப் பார்த்தது, கைக்குட்டைக்காகக் கை சட்டைப்பையைத் தடவியது. பையில் உப்புத்தாள் துண்டுதான் இருந்தது.

"ஐஸ் கம்பெனி வாசல்ல," என்றார். "நீலக் கலர் வண்டி. பின்கதவுக்குக் கீழ."

"அதுல யாரு நிப்பாங்க?"

"ஐஸ் இறக்கறவங்க."

அவள் ஊசியில் நூலைக் கோர்க்க ஆரம்பித்தாள். அவர் எழுந்து குத்திப் பார்க்கிற கம்பியை எடுத்துக்கொண்டு நடந்தார்.